பாஞ்சாலி கையில் மட்டும் சரியாக இருந்த படம்

ராயப்பேட்டை ஹை ரோட்டிலிருந்து மார்க்கெட் பக்கம் பிரியும் சந்தில், பர்தா தைத்து விற்கும் மஹ்விஷின் கடைக்கும் ஒரு செல்போன் கவர் கடைக்கும் நடுவே ‘ஸ்ரீநிதி கார்ட்ரிட்ஜ்’ இருக்கிறது. சுற்றுப்பட்ட வக்கீல் ஆபீஸ்களுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் பிரிண்டரில் மை தீர்ந்தால் இங்கேதான் வர வேண்டும். கவுன்டரில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு ரோடுதான். கவுன்டரைத் தாண்டித் திரையை விலக்கினால் ஒரு சின்ன அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல், ஒரு மர மேசை, அதன்மேல் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரிய பிரிண்டர். அந்த அறை பாஞ்சாலியுடையது. கடை என்னவோ வேதாந்தத்தின் பேரில்தான் இருக்கிறது. ஆனாலும் அவரே அந்தத் திரைக்கு முன் நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பாஞ்சாலிக்கு நாற்பத்தாறு வயது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிறகு தெருவோடு சேர்ந்து பெரும்பாக்கத்து அடுக்கு வீட்டுக்குப் போனவள். புருஷன் அசோகன் ஆட்டோ ஓட்டுகிறான். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. பதினெட்டு வருஷத்துக்கு முன் இந்தக் கடைக்குப் பெருக்கித் துடைக்க வந்தாள். தரையில் சிந்திய மையைத் தேய்த்துத் தேய்த்தே, எந்தக் கறை தண்ணீருக்குப் போகும், எது எதற்கும் போகாது என்று தெரிந்துகொண்டாள். ரீஃபில் போடும் ஆள் வராத ஒருநாள் சிரிஞ்சைத் தானே எடுத்தாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. மறுவாரம் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது.

பெரிய பிரிண்டர் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். ஒரு விளம்பரக் கம்பெனி வேண்டாமென்று தள்ளியதை வேதாந்தம் ஸ்பேர் பார்ட்ஸுக்காக வாங்கிப் போட்டிருந்தார். எட்டு நிறத்துக்கு எட்டுக் குப்பிகள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டுமானால் யானைக்குத் தீனி போடுகிற மாதிரி ஆகும். அதைச் சுற்றிச் சுற்றி வந்த பாஞ்சாலி கேட்டாள்:

“சார், எட்டுலயும் கருப்பே ஊத்தினா இன்னா?”

வேதாந்தம் சிரித்தார். ஆனால் அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. சாதாரண பிரிண்டர், கருப்பு வெள்ளைப் படத்தின் சாம்பலைக்கூடச் சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கலந்துதான் உண்டாக்கும். அதனால்தான் கல்யாண வீட்டுத் தாத்தா படத்தில் கன்னம் ஊதாவாகவும் வேட்டி ரோஜா நிறமாகவும் வந்து நிற்கும். எட்டுக் குப்பியிலும் கருப்பையே வெவ்வேறு அளவில் நீர்க்க வைத்து ஊற்றினால், மிஷின் நிறத்தை இடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே நல்ல சாம்பலை இடும். வெளிநாட்டில் சிலர் இப்படிச் செய்வதைப் பாஞ்சாலி போனில் வீடியோவாகப் பார்த்தாள். அவர்கள் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை, ஆனால் கை செய்வது புரிந்தது. எவ்வளவு ஊற்றுகிறார்கள், எத்தனை தடவை குலுக்குகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள். அதிலிருந்து ஒரு வருஷம் முழுக்கக் காகிதத்தைப் பாழாக்கினாள்.

அந்த ஒரு வருஷத்தில் அவள் கண்டுபிடித்த முக்கியமான விஷயம், கருப்பு கருப்பாக இருப்பதில்லை என்பது. குப்பியில் அட்டைக் கருப்பாக இருக்கும் மை, டிஸ்டில்ட் வாட்டரும் கிளிசரினும் சேர்த்து நீர்க்க நீர்க்க இறங்கிப்போன டிகாஷன் மாதிரி பழுப்பாகும். “கருப்புக்குள்ள ஒரு பழுப்பு ஒளிஞ்சிக்கினு கீது சார்” என்று வேதாந்தத்திடம் சொன்னாள். அதை அடக்க நீலத்தில் சில சொட்டு, அந்த நீலம் தலை தூக்காமலிருக்க மெஜந்தாவில் ஒன்றோ இரண்டோ சொட்டு. சொட்டு கூடினால் படம் குளிரும், குறைந்தால் சூடாகும். இந்தச் சாயல்களுக்கு அவளே பேர் வைத்தாள். பழுப்புத் தூக்கலாக இருப்பது புளியங்கொட்டை. நீலம் ஓடுவது எவர்சில்வர். எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பது அம்மிக்கல். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கத்திலிருந்து படம் போட வந்த நாலைந்து போட்டோகிராபர்களும் இப்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

மை கலக்க அவளிடம் நோட்டு ஒன்று உண்டு. ஆனால் நோட்டை மட்டும் நம்பமாட்டாள். ஒவ்வொரு தடவையும் வந்திறங்கும் மை பாட்டில் முந்தினதைப் போல அச்சாக இருக்காது; அதனால் நோட்டு பாதி, கண் பாதி. கலந்த மையில், வெள்ளையிலிருந்து கருப்பு வரைக்கும் இருபத்தொரு கட்டம் கொண்ட ஒரு பட்டையை அச்சிடுவாள். அது காயும்வரை அதன் பக்கமே திரும்பமாட்டாள். ஹேர் டிரையர் காட்டலாமே என்று சொன்னவர்களுக்கு, “உன் மூஞ்சியில காட்டினா நீ எப்டி ஆவ?” என்று பதில் கிடைத்தது. காய்ந்த பிறகு பட்டையை உள்ளங்கையில் வைத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஜன்னலோரம் நிற்பாள். எதிர்ச் சுவரில் மாதிரிப் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். நிமிர்ந்து சுவரைப் பார்ப்பாள், குனிந்து கையைப் பார்ப்பாள். பத்து தடவையாவது இப்படித் தலை ஆடும். வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாருக்கோ ஆமாம் போடுவது போல இருக்கும்.

லாவண்யா டிசம்பரில் வந்தாள். தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனிக்கிழமை தோறும் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று, படியேறி இறங்கும் கூட்டத்தைப் படம் எடுப்பாள். கட்டைப்பை சுமந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள், ரங்கநாதன் தெருவிலிருந்து தப்பி வந்த களைப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள். அதில் இருபத்துநான்கு படங்களை அடையாறில் ஒரு ஹாலில் வைக்கப்போகிறாள். அவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி. அம்மிக்கல்லில் ஒரு சிட்டிகை புளியங்கொட்டை வேண்டும் என்றாள். பன்னிரண்டு படம் அச்சாகி அவள் ஃபிரேம் போட எடுத்துப் போனபோது மை தீர்ந்தது. ஜனவரியில் புது பாட்டில் வந்ததும் பாஞ்சாலி மறுபடி கலந்து மீதிப் பன்னிரண்டையும் போட்டு அனுப்பினாள்.

அந்தப் பன்னிரண்டைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாவண்யா திருப்பிக் கொண்டுவந்தாள்.

“அக்கா, நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் வரிசையா சாத்தி வெச்சுப் பார்த்தேன். முதல் பன்னண்டும் சூப்பர். இது பச்சையா இருக்குக்கா. பாசி பிடிச்ச மாதிரி.”

பாஞ்சாலி ஒரு படத்தை வாங்கி, வழக்கம்போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஜன்னலோரம் நின்றாள். நிமிர்ந்தாள், குனிந்தாள்.

“எங்கம்மா பச்சை? நல்லாத்தான கீது.”

லாவண்யா அதை வாங்கித் தன் கையில் பிடித்தாள். “இதோ பாருங்க. இந்த அம்மா மூஞ்சியப் பாருங்க. வாந்தி எடுக்கப் போறவங்க மாதிரி இல்ல?”

வேதாந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கீற்று, கையில் காபி டம்ளர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கும் பச்சையாத்தான் தெரியறது” என்றார்.

டெய்லர் பில்லுக்குச் சில்லறை கேட்க வந்த பக்கத்துக் கடை மஹ்விஷிடமும் நீட்டினார்கள். அவள் கருப்புப் பர்தாவின் கை மடிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். “இன்னாக்கா, மைல மெஹந்தி எலைய அரைச்சிப் போட்டியா?”

பாஞ்சாலி படத்தைப் பிடுங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தாள். அவள் கையில் அது அம்மிக்கல்தான். மற்றவர்கள் கைக்குப் போனால் பாசி.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் திறப்புக்கா” என்றாள் லாவண்யா. கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுவே பாஞ்சாலியை இன்னும் குத்தியது. “மத்தியானத்துக்குள்ள பன்னண்டும் சரியா வந்தா மாட்டிடலாம். இல்லன்னா பாதிச் சுவத்தைக் காலியா விட்டுட வேண்டியதுதான்.” படங்களை மேசையில் வைத்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவள் போனதும் வேதாந்தம் காபியைக் கீழே வைத்தார். “பாஞ்சாலி, நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதே. கவர்மென்ட் ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, ஒருநடை போய்க் கண்ணைக் காட்டிண்டு வா. டி-ஷர்ட் பிரிண்ட் போடற மிஷின் வெச்சிருக்கறவன் இந்தப் பெரிய பிரிண்டரை எடுத்துக்கறேன்னு ரெண்டு மாசமா கேட்டுண்டிருக்கான். பழைய மிஷினைக் குடுத்துட்டு அவனோட மிஷின் ஒண்ணை வாங்கிக்கலாம். இந்த ஆர்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன்னேன். சனிக்கிழமை வரான்.”

“ஆர்டர் கெட்டுப்போச்சுன்னா?”

“கெட்டுப்போனா மிஷினை அனுப்பிடலாம்னுதான். டி-ஷர்ட்டுக்கு அம்மிக்கல்லு வேண்டாம், ஆட்டுக்கல்லு வேண்டாம். உனக்கும் கண்ணுக்கு ஓய்வு.”

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் திரை மூடியதும் பாஞ்சாலி பிரிண்டரின் மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மிஷின் போனால் இந்த அறையும் போகும். கவுன்டரில் நின்று வக்கீல் குமாஸ்தாக்களுக்குக் கருப்பு மை ஊற்றிக் கொடுக்கலாம். அதிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே யாரும் சூடா குளிரா என்று கேட்கப்போவதில்லை.

கண்ணைப் பற்றி அவர் சொன்னதை முதலில் சோதித்துவிட நினைத்தாள். அவள் ஒரு படத்தை எடுத்துப் போய் எதிர்ச் சுவரில், பழைய மாதிரிப் பட்டைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, நாலடி பின்னால் வந்தாள்.

பச்சை. சந்தேகமே இல்லை, பாசிப் பச்சை.

பாஞ்சாலிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே படத்தைக் கையில் எடுத்தால் பச்சை காணாமல் போகிறது. சுவரில் பாசி, கையில் அம்மி.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்தாள். டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தாள், மாற்றமில்லை. சுவருக்கு அடித்த பெயின்ட் சாயம் அடிக்கிறதோ என்று வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் வைத்து ஒட்டினாள், மாற்றமில்லை. தண்ணீரைச் சோதித்தாள், காகிதம் மாறிவிட்டதோ என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. டிசம்பர் கலவைக்கு நீலம் ஒன்பது சொட்டு என்று எழுதியிருந்தது. ஜனவரிக்கும் முதலில் ஒன்பது. அதற்குப் பிறகு அவள் கையெழுத்திலேயே, ‘சிவப்பு அடிக்குது, இன்னும் அஞ்சு.’

ஆக, அந்த ஐந்து சொட்டுதான் பாசி. ஆனால் இல்லாத சிவப்பு ஏன் தெரிந்தது? அது தெரியாமல் மறுபடி கலந்தால் மறுபடியும் அதே ஐந்து சொட்டைத்தான் விடுவாள்.

பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். பர்தா போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடியும் உண்டு. மஹ்விஷ் தையல் மிஷினில் லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்டுபுட்ச்சியா சக்தி?” என்றாள் தலை தூக்காமல். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருப்பவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பாஞ்சாலியே அவளுக்குச் சொல்லித் தந்திருந்தாள். ஜனவரி பிறந்ததும் அவள் மாலை போட்டிருந்தாள்; தைப்பூசம் முடிகிறவரைக்கும் சிவப்புதான் கட்ட வேண்டும். அந்த மாதத்தில் பெரும்பாக்கம் பஸ்ஸில் பாதிப் பேர் சிவப்பில்தான் வருவார்கள்.

“இன்னும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே பாஞ்சாலி பட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். எதிரில் கண்ணாடி. அதில் பட்டையோடு தன் முகமும் தெரிந்தது. தாடைக்கு அடியில் ரோஸ் பவுடர் பூசினாற்போல ஒரு சிவப்பு. பட்டையின் வெள்ளைக் கட்டங்களிலும் அதே ரோஸ். அவள் பட்டையைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்தாள். ரோஸ் போய்விட்டது. மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். வந்துவிட்டது.

“மஹ்விஷு.”

“இன்னா?”

“என் பொடவடி.”

மஹ்விஷ் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். ஜன்னல் வெளிச்சம் சிவப்புப் புடவையில் பட்டு, அந்தச் சிவப்பு கையிலிருந்த காகிதத்தில் அடித்திருக்கிறது. எதிர்ச் சுவரில் இருந்த மாதிரிப் பட்டைக்கு அந்தச் சாயம் எட்டவில்லை. பாஞ்சாலி தன் புடவைச் சிவப்பைத்தான் ஐந்து சொட்டு நீலம் விட்டு அடக்கியிருக்கிறாள். மஹ்விஷ் இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகு சிரித்து முடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது.

“போக்கா. ஒங்க சாமிய பாக்கப் போறதுக்கு மாம்பலம் ஸ்டேஷன் ஜனத்துக்கெல்லாம் பச்சை அடிச்சிட்டியே.”

“சிரிச்சது போதும். இப்போ இன்னா பண்றது? பூசத்துக்கு இன்னும் பதினோரு நாள் கீது. பொடவைய மாத்த முடியாது.”

கறுப்பாக எதையாவது மேலே போர்த்திக்கொண்டால் போதும். பாஞ்சாலி கடைக்குப் போய் ஜெராக்ஸ் மிஷினை மூடும் கறுப்பு உறையை எடுத்துப் போர்த்திப் பார்த்தாள். பிளாஸ்டிக். பளபளவென்று ஜன்னலையே திருப்பிக் காட்டியது, நழுவி நழுவி விழுந்தது. வேதாந்தத்தின் குடையை விரித்து இடுப்பில் செருகிப் பார்த்தாள். அதைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நல்லது. திரைக்கு வெளியே நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்த மஹ்விஷ், தன் கடைக்குப் போய் மடிப்புக் கலையாத ஒரு கறுப்புப் பர்தாவுடன் வந்தாள்.

“துணி மேட்டு. பளபளப்பே இல்ல. கல்லு வேல, லேஸு எதுவும் வெக்காதது. போட்டுக்க.”

பாஞ்சாலி தயங்கினாள். “ஒண்ணும் தப்பில்லையே?”

“எனக்கு இன்னா தப்பு? ஒனக்குத் தப்பா?”

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள். “உள்ள சிவப்பு கீதே. மருவத்தூர் அம்மாவுக்குத் தெரியும்.”

“அப்போ கைய நீட்டு.”

அன்று மதியம் அவள் பழைய மையைத் தொடவே இல்லை. கூட விழுந்த நீலத்தை எடுக்க வழி கிடையாது. அதற்கு மேல் மெஜந்தாவும் மஞ்சளும் விட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் ஒட்டுப்போட்ட மை ஒரு மாதத்தில் பல்லை இளிக்கும். எட்டுக் குப்பிகளையும் காலி செய்து, டிஸ்டில்ட் வாட்டரில் மூன்று தடவை அலசி, குழாய்களில் தெளிந்த நீர் வருகிறவரை ஓட்டினாள். புதிதாகக் கலந்தாள். பன்னிரண்டு படத்துக்குச் சரியாகப் பதின்மூன்று தாள்தான் கையிருப்பு. அதனால் சோதனைப் பட்டைக்குப் பாழான படங்களின் வெள்ளை ஓரங்களை நறுக்கிக்கொண்டாள். பட்டையை அச்சிட்டுக் காய வைத்தாள்.

பட்டை காய்ந்து, அவள் கறுப்புப் பர்தாவோடு ஜன்னலோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, வேதாந்தம் மதியத் தூக்கம் முடிந்து வந்தார். திரையை விலக்கியவர் சட்டென்று பின்வாங்கினார்.

“மன்னிக்கணும்மா. உங்களுக்கு என்ன வேணும்? பாஞ்சாலி இல்லையா?”

“நான்தான் சார்.”

வேதாந்தம் பர்தாவையும், கீழே இரண்டு விரற்கடை தெரிந்த சிவப்புக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்குத்தானே போகச் சொன்னேன்” என்றார்.

பாஞ்சாலி விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. பர்தாவின் முன்பக்கத்தைத் திறந்து சிவப்பைக் காட்டி, மூடி, பட்டையில் ரோஸ் வருவதையும் போவதையும் மூன்று தடவை காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி, இதைத் தெரிஞ்சுண்டது சரி. படம் வரட்டும். சனிக்கிழமைதான் கணக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீலம் இந்தத் தடவை எட்டு சொட்டிலேயே நின்றது. புது பாட்டிலில் பழுப்பு கொஞ்சம் குறைவுதான். சிவப்புப் புடவை இல்லாதிருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும். நோட்டில் எட்டு என்று எழுதி, பக்கத்தில் ‘கறுப்பு போட்டுப் பார்த்தது’ என்று எழுதினாள்.

புதன்கிழமை ஒன்பது படம் அச்சாயிற்று. பத்தாவதில் பிரிண்டரின் வாயில் ஒரு தூசு சிக்கி, படியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரின் நெற்றியில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. கைவசம் இருந்த உபரித் தாள் அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளும் இறங்கி முடிகிறவரை பாஞ்சாலி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வியாழன் முழுக்க படங்கள் காய்ந்தன. வேதாந்தம் இரண்டு தடவை செருமிக்கொண்டு வந்து பார்க்க முயன்றார். “காயட்டும் சார்” என்று திரையை இழுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, படங்களை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, அசோகனின் ஆட்டோவில் அடையாறு ஹாலுக்குக் கொண்டுபோனாள். அவன் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பிரசவத்துக்குப் போகிற வண்டி மாதிரி ஊர்ந்தான். லாவண்யா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஆணியும் சுத்தியலுமாக நின்றாள். படங்களைச் சட்டத்துக்குள் பொருத்தினார்கள். மாட்டுவதற்கு முன்னால் பாஞ்சாலி ஒன்று கேட்டாள்.

“பழசு புதுசுன்னு வரிசையா மாட்டாதம்மா. கலைச்சிப்போட்டு மாட்டு. அப்புறம் நெறத்த மட்டும் பாத்து எது எதுன்னு நீயே சொல்லு.”

லாவண்யா கலைத்து மாட்டினாள். பிறகு ஹாலின் நடுவில் நின்று, முகங்கள் தெரியாதபடி கண்ணை இடுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மேம்பாலத்துப் படிகள் சுவர் முழுக்க ஏறி இறங்கின. புதுசு என்று ஐந்தைச் சொன்னாள். அதில் மூன்று தப்பு. சந்தோஷத்தில் பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாயங்காலம் நீங்க நிக்கணும்க்கா. யார் போட்டதுன்னு கேட்பாங்க.”

“நின்னுட்டா போச்சு. படத்தாண்டையிருந்து தள்ளி நிக்கறேன்.”

வேதாந்தம் ஐந்து மணிக்கு மனைவியோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் முன்னும் அரை நிமிஷம் நின்றார். இரண்டாவது சுற்றில் லாவண்யாவிடம் போய், “எது ரெண்டாவது தடவை போட்டது, காட்டுங்கோ” என்றார்.

“கலரை வெச்சு எனக்கே சொல்ல முடியல சார். ஃபிரேம் பின்னால எழுதின தேதியப் பாத்தாதான் தெரியும்.”

அவர் நாலு படத்தைச் சுட்டிக் காட்டினார். அவளே கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாலும் டிசம்பரில் போட்டவை.

வேதாந்தம் வாசலுக்கு வந்து போனை எடுத்தார். பாஞ்சாலியும் பின்னாலேயே வந்து தூண் பக்கத்தில் நின்றாள். “ஹலோ. ஆமாம், நான்தான் ராயப்பேட்டைலேர்ந்து பேசறேன். நாளைக்கு வர வேண்டாம். இல்லை, விக்கறதா இல்லை. அதுல வேலை இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலி அவருடைய சட்டைக் கையைத் தொட்டாள். “சார், அப்போ குழாய் எட்டையும் புதுசா மாத்திடலாம். நாலு கொழாய் வெரைச்சிக்கினு கீது.”

அவர் போனைக் கையால் மூடினார். “இப்பவேவா?”

“மிஷினு நம்மகிட்டத்தான இருக்கப் போவுது” என்றாள் பாஞ்சாலி.

வேதாந்தம் அவளைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்து, “உங்களாண்ட இந்த மிஷினுக்கு நல்ல குழாய் கிடைக்குமோ?” என்று கேட்டார்.